வேலைக்கு அப்பால் ஒரு திசை தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சம்பளம் இருக்கிறது, வீடு இருக்கிறது, ஆனால் எதற்காக ஓடுகிறேன் என்றுதான் தெரியவில்லை" என்று சொல்லிக்கொண்டு, திருப்பூரிலும் கோவையிலும் ஓய்வில்லாமல் உழைத்துக் களைத்தவர்கள் காங்கயம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். ஏற்றுமதி நிறுவனத்தில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக நெடுங்காலம் இருந்துவிட்டுப் பண்ணையத்துக்கும் மாடுகளுக்கும் வந்தவன் என்பதால் என்னிடம் வழி கேட்கிறார்கள். அவர்கள் கால் வைக்கப் போகும் பள்ளங்கள் பெரும்பாலும் நான் கடந்து வந்தவையே. சேமிப்பு இல்லாமல் வேலையை விடக்கூடாது, உடம்பைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் வேலையாக நிலம் வாங்குவது

கொங்கு நாட்டில் வேலையில் சலித்தவர்களுக்கு முதலில் தோன்றுவது தோட்டம் வாங்கும் எண்ணம்தான். பாட்டன் காலம் வரை பண்ணையம் செய்த குடும்பம் என்பதால், நிலத்தைப் பத்திரம் பதிந்துவிட்டால் மற்றவை தாமாக வந்துவிடும் என்று நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒருவர் பனியன் ஏற்றுமதியில் நல்ல பொறுப்பில் இருப்பவர். ஷிப்மென்ட் நெருக்கடியில் பல இரவுகள் தூங்காமல் கழித்தவர். மன அமைதிக்காகத் தாராபுரம் சாலையில் நான்கு ஏக்கர் வாங்கினார். ஆயிரம் அடிக்குப் போர் ஓட்டி, சொட்டுநீர் அமைத்து, தென்னை வைத்து, சாளையும் (தோட்டத்து வீடு) கட்டினார். சனிக்கிழமை மாலை வருவார், ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். மற்ற நாள்களில் எல்லாம் ஆள்காரர் பொறுப்பு. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அத்தனை ஆண்டும் கூலியும் எருவும் மோட்டார் பழுதும் சம்பளத்திலிருந்துதான் போக வேண்டும் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ பரவி, கன்றுகளின் ஓலையைக் கரும்பூசணம் மூடியபோது, அதை அவர் பார்த்ததே மூன்று வாரம் கழித்துத்தான்.

ஒருநாள் அவரோடு வரிசையில் நடந்தேன். ஆழத்து நீரின் உப்பு சொட்டுவானின் வாயில் சுண்ணாம்புபோல் படிந்து, ஒன்றுவிட்டு ஒரு கன்றுக்குத் தண்ணீர் இறங்காமல் நின்றது. அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, குத்தி, அலசி மாட்ட ஒரு காலைப்பொழுது ஆகும். எனக்கு அந்த வேலை பிடிக்கும். அவருக்கு அரை மணியில் கைப்பேசி அழைத்துவிட்டது. அவர் ஆசைப்பட்டது வாசலில் கட்டில் போட்டு அமரும் மாலைப்பொழுதுக்கு. அந்த மாலையைத் தாங்கி நிற்கும் உழைப்பின் மீது அவருக்கு விருப்பம் இருந்ததா என்பதை, பணம் போடுவதற்கு முன் அவர் சோதித்துப் பார்க்கவே இல்லை. இன்று கடன் தவணைக்காகவே அவர் ஏற்றுமதி வேலையை விட முடியாமல் இருக்கிறார். எதிலிருந்து விடுபட நிலம் வாங்கினாரோ, அதிலேயே அந்த நிலம் அவரைக் கட்டிப்போட்டுவிட்டது.

ஆகவே வருகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே. பத்திர அலுவலகத்துக்குப் போகும் முன், யாருடைய தோட்டத்திலாவது சித்திரை, வைகாசி வெயிலில், விடுமுறை நாளாக இல்லாத நாள்களில், கூலி வாங்காமல் வேலை செய்யுங்கள். வேளாண் பல்கலைக்கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளுக்குப் போய் வாருங்கள். மாட்டில் விருப்பம் இருந்தால், கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமாக இருக்கும் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் ஒன்றை ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லை என்று தெரிந்தால் ஓர் ஆண்டுக் குத்தகையோடு போகும். வாழ்நாள் சேமிப்பு போகாது.

ஓய்வு பெற்றபின் தொடங்கிக்கொள்ளலாம் என்பது

இப்படிச் சொல்பவர்கள் டாக்டர் கோ. வெங்கடசாமியை எடுத்துக்காட்டுவார்கள். 1976இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் அவர். நம் கோவை அவிநாசி சாலையிலும் அதன் கிளை இருக்கிறது. ஆனால் அவர் பணியில் இருந்தபோதே கிராமம் கிராமமாகக் கண் சிகிச்சை முகாம்கள் நடத்திவந்தவர் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஐம்பத்தெட்டாவது வயதில் அவர் புதிதாகத் திசை தேடவில்லை, செய்துகொண்டிருந்ததை விரிவாக்கினார்.

பொதுப்பணியையும் இலக்கு வைத்து நடத்துவது

ஆயிரம் மரக்கன்று என்று அறிவித்து, குளக்கரையில் நட்டு, படம் எடுத்தபின் மாசி மாதம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் போவதை இங்கே எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். பத்துக் கன்று போதும், அடுத்த மழை வரை நீங்களே ஊற்றுவதாக இருந்தால்.

வீட்டாரிடம் கடைசியில் சொல்வது

முதலில் அவர்களிடம்தான் சொல்ல வேண்டும்.

செய்த தொழிலை முற்றிலும் வெறுத்து ஒதுக்குவது

சலிப்பின் உச்சத்தில் இருப்பவர்கள், இத்தனை ஆண்டு கற்றதெல்லாம் வீண் என்று பேசுகிறார்கள். அது உண்மையல்ல. எங்களிடம் வந்த ஒரு பெண், காஸ்டிங் (அடக்கவிலைக் கணக்கு) போட்டுப் போட்டே வாழ்க்கை போய்விட்டது என்று வருந்தினார். அவரைச் சென்னிமலையில் கைத்தறிப் போர்வை நெய்யும் ஒரு குடும்பத்தாரிடம் அனுப்பினேன். நூல், சாயம், தார் சுற்றும் கூலி, தறியில் செலவாகும் நேரம் எல்லாவற்றையும் தாளில் எழுதிப் பார்த்தபோது, ஒரு போர்வையை அவர்கள் என்ன விலைக்கு விற்றால் கட்டும் என்பது அந்த வீட்டாருக்கே முதல்முறையாகத் தெளிவானது. இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு அங்கே போகிறார். பக்கத்துத் தறிக்காரர்களும் கணக்கு நோட்டோடு வந்து உட்காருகிறார்கள். வேலையை விடுவதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. நிறுவனத்தில் சனிக்கிழமை மாலை கூட்டங்களுக்கு வர இயலாது என்று மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்.