பார்ம்பிராக் துண்டில் மோதிரம்: அயர்லாந்தில் ஹாலோவீன் கொண்டாட

ஹாலோவீன் அக்டோபர் 31 என்றாலும், 30 ராத்திரியே வேலை ஆரம்பம். பால் கலக்காமல் திடமாக 300 மில்லி டீ போட்டு ஆறவையுங்கள். 375 கிராம் உலர்ந்த திராட்சையை அதில் கொட்டி, மூடிவைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். பார்ம்பிராக் என்கிற ஹாலோவீன் பழ ரொட்டிக்குப் பாதி வேலை முடிந்தது. ஐரிஷ் மொழியில் இதற்குப் புள்ளி போட்ட ரொட்டி என்று பொருள். புள்ளிகள் இந்தத் திராட்சைதான்.

காலையில் திராட்சை உப்பியிருக்கும். மிச்ச டீயை வடித்துவிடாதீர்கள். 225 கிராம் செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா), 125 கிராம் பழுப்புச் சர்க்கரை, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி மிக்ஸ்ட் ஸ்பைஸ் (பட்டை, ஜாதிக்காய் கலந்த பொடி) சேர்த்துக் கிளறுங்கள். கரண்டியிலிருந்து தொப்பென்று விழுகிற பதம். ஓவனில் 170 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வேகட்டும், பிறகு குச்சியால் குத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்னும் கொஞ்ச நேரம்.

ஓவனில் வைப்பதற்கு முன் மாவுக்குள் ஒரு மோதிரம். யார் துண்டில் வருகிறதோ அவருக்கு ஒரு வருஷத்துக்குள் கல்யாணம். பழைய வழக்கப்படி நாணயம் வந்தால் செல்வம், கந்தல் துணி வந்தால் வறுமை. நான் மோதிரத்தோடு நிறுத்திக்கொள்வேன். வெண்ணெய்த்தாளில் நன்றாகச் சுற்றிப் புதையுங்கள், சாப்பிடுகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முதல் வருஷம் நான் இரண்டையும் செய்யவில்லை. கல்யாணமாகிப் பத்து வருஷமான என் வீட்டுக்காரருக்கு மோதிரம் வந்தது, கூடவே பல் டாக்டர் செலவும்.

சாப்பாட்டுக்குக் கோல்கேனன், அதாவது கீரை சேர்த்த உருளைக்கிழங்கு மசியல். ரூஸ்டர் ரக உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். வேகவைத்து நறுக்கிய கேல் கீரை, வெங்காயத்தாள் போட்டுக் காய்ச்சிய பால், உப்பு, மிளகு. தட்டில் குவித்து நடுவில் குழி பறித்து வெண்ணெய் வையுங்கள். அது உருகிக் குளமானதும், ஓரத்திலிருந்து எடுத்துக் குளத்தில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். பச்சை மிளகாய்க்குக் கை போகும். முதல் தடவையாவது வேண்டாம்.

ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், பிள்ளைகள் வேஷம் போட்டு மிட்டாய் வாங்க வீடு வீடாகக் கிளம்பிவிடுவார்கள். வாசலில் பூசணி விளக்கு எரிகிற வீட்டில் மட்டும் கதவைத் தட்டச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் இங்கே டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைத்தார்களாம். ஒரு தடவை முயன்று பார்த்தேன், கை நோவுதான் மிச்சம். வருகிற பிள்ளைகளுக்குச் சாக்லேட், மாண்டரின் ஆரஞ்சு, தோலோடு மங்கி நட்ஸ். பேரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், நம்ம வேர்க்கடலைதான்.

தீபாவளி ஞாபகத்தில் பட்டாசு தேடாதீர்கள். கம்பி மத்தாப்பு மாதிரிச் சின்னச் சமாச்சாரம் தவிர மற்றதை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே குற்றம். வாணவேடிக்கை பார்க்க டெர்ரிக்குப் போகலாம். அது வட அயர்லாந்து. யூரோ அல்ல, பவுண்டு. எல்லையில் வழக்கமாக யாரும் நிறுத்துவதில்லை என்றாலும், இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் பிரிட்டன் விசாவைச் சரிபார்த்துக்கொண்டே கிளம்புங்கள். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் மீத் கவுண்டியில் ட்ரிம், ஆத்பாய் ஊர்களில் பூக்கா என்கிற ஹாலோவீன் திருவிழா நடக்கும்.

வீட்டிலேயே இருந்தால், மிட்டாய் தீர்ந்ததும் பூசணி விளக்கை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் யாரும் தட்டமாட்டார்கள். கெட்டிலைத் தட்டிவிட்டு, மிச்சமிருக்கும் பிராக்கை டோஸ்ட் செய்து வெண்ணெய் தடவுங்கள்.