பிரதேச செயலகத்தில் பதிந்தால் போதுமா? வன்னியில் சுயதொழில் செய்வோர் வியாபாரக் குறி பதியும் முறை

கிளிநொச்சியில் என் சின்னம்மா ஒருவர் கறித்தூள் விற்கிறார். மல்லி, மிளகாய், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து, திரித்து, 100 கிராம் பைகளில் அடைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். உண்மைப் பெயரை விட்டுவிட்டு, அதை 'ஆட்காட்டி' கறித்தூள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்து, பரந்தனில் ஒரு கடையில் 'ஆள்காட்டி' கறித்தூள் தொங்கிக்கொண்டிருந்தது. அதே பச்சை லேபல், அதே மூலையில் அதே குருவி. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். "நான் பிரதேச செயலகத்தில பதிஞ்சனான்தானே" என்று சின்னம்மா பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்.

அவர் பதிந்தது வியாபாரப் பெயர். இந்தப் பெயரில் இன்னார் வியாபாரம் செய்கிறார் என்பதற்கான பதிவு அது. வங்கிக் கணக்குத் திறக்கவும் கடன் எடுக்கவும் அது வேண்டும். ஆனால் பொருளின் மேல் இருக்கும் பெயரையும் படத்தையும் இன்னொருவர் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமையை அது தராது. அதற்கு வியாபாரக் குறி பதிய வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் அதைச் செய்கிறது. இலங்கையில் இருப்பவர் சட்டத்தரணியோ முகவரோ இல்லாமல் தானே விண்ணப்பிக்கலாம்.

முதல் படி: பதியக்கூடிய பெயரா என்று பாருங்கள்

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். 'வன்னித் தேன்', 'சுத்தமான நல்லெண்ணெய்' போன்ற பெயர்கள் பொருளையும் ஊரையும் தரத்தையும் சொல்கின்றன. தேன் விற்கும் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவை. ஆகவே ஒருவருக்கு மட்டும் அவற்றைக் கொடுக்க மாட்டார்கள். கிளிநொச்சியில் இடித்த தூளுக்கு 'யாழ்ப்பாணம்' என்று பெயர் வைத்தால், வாங்குபவரை ஏமாற்றும் பெயர் என்றும் மறுக்கலாம்.

பொருளோடு சம்பந்தமில்லாத பெயர்தான் பலமானது. ஆட்காட்டி வயல்வெளிப் பறவை. அதற்கும் கறித்தூளுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அதனால்தான் அது நல்ல குறி. பெயரையும் படத்தையும் இரண்டு விண்ணப்பமாகப் போடக் காசு இல்லையென்றால் பெயரை முதலில் பதியுங்கள் என்பேன். லேபலை நாளைக்கு மாற்றுவீர்கள், பெயரை மாற்ற மாட்டீர்கள்.

இரண்டாம் படி: வேறு யாரிடமாவது இருக்கிறதா?

கட்டணம் செலுத்தி அலுவலகத்தின் பதிவேட்டில் தேடுவிக்கலாம். அந்தச் செலவைச் சேமிக்க வேண்டாம். எழுத்து வேறாக இருந்தாலும் ஒலி ஒன்றாக இருந்தால் சிக்கல்தான். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாம் படி: வகுப்பு

உலகம் முழுவதும் பொருட்களையும் சேவைகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். கறித்தூள், தேன், பனங்கட்டி, அரிசி, ஒடியல் மா ஆகியவை 30இல் வரும். கருவாடு, தயிர், நெய், நல்லெண்ணெய், ஊறுகாய் ஆகியவை 29. விதை நெல் 31. தைத்த உடுப்பு 25, சாப்பாட்டுக்கடை 43. ஒவ்வொரு வகுப்புக்கும் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். கறித்தூளோடு ஊறுகாயும் போடுகிறவருக்கு இரண்டு வேண்டும். என்றோ ஒருநாள் செய்யப்போகும் பொருளுக்கு இப்போதே காசு கட்டாதீர்கள். பதிந்த குறியை ஐந்து வருடம் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால், அதை நீக்கச் சொல்லி மற்றவர் கேட்கலாம்.

நான்காம் படி: யார் பெயரில்?

விண்ணப்பத்தில் எழுதும் பெயர்தான் உரிமையாளர். மாதர் சங்கமாக ஏழெட்டுப் பேர் சேர்ந்து செய்யும் தொழிலை, கையெழுத்துப் போட வசதி என்று தலைவியின் பெயரில் பதிந்தால் குறி அவருக்குத்தான் சொந்தமாகும். காசு அனுப்பிய கனடா மாமாவின் பெயரில் பதிந்தால் அவருக்குத்தான். பிறகு மனஸ்தாபம் வந்தால் சங்கம் பெயரில்லாமல் நிற்கும். முதலில் உட்கார்ந்து பேசி, எழுதி வையுங்கள்.

லேபல் வரைந்த தம்பியையும் மறக்க வேண்டாம். படத்தின் பதிப்புரிமை பதிவு எதுவும் இல்லாமலே வரைந்தவருக்குச் சேர்ந்துவிடும். காசு கொடுக்கும்போதே, அந்த உரிமையை உங்களுக்கு மாற்றித் தருவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

ஐந்தாம் படி: விண்ணப்பமும் காத்திருப்பும்

படிவம் எம் 01. பெயர், முகவரி, குறியின் தெளிவான பிரதி, வகுப்பு, பொருட்களின் பட்டியல் ஆகியவற்றை நிரப்பிக் கட்டணத்தோடு கொடுக்க வேண்டும். கட்டணம் மாறும் என்பதால் பஸ் ஏற முன் தொலைபேசியில் கேளுங்கள். விண்ணப்ப இலக்கமும் திகதியும் உள்ள தாளைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் திகதியிலிருந்துதான் எல்லாம் கணக்கு.

அலுவலகம் பரிசீலித்து ஏற்றால், குறி வர்த்தமானியில் வெளியாகும். அதற்குப் பின் மூன்று மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்கலாம். இது உங்களுக்கும் உதவும். வேறொருவர் உங்கள் பெயருக்கு விண்ணப்பித்து, அது வர்த்தமானியில் வந்தால், தெரிந்துகொண்டே எடுத்த பெயர் என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம். முன்பிருந்தே அந்தப் பெயரில் விற்றதற்கு அப்போது சான்று வேண்டும். சின்னம்மாவிடம் கடைக்காரர்களுக்குக் கொடுத்த பில் புத்தகங்கள் இருந்தன. எண்ணெய்க் கறையோடு ஒரு பிஸ்கற் டின்னுக்குள் கிடந்த அவைதான் அவருடைய பலம். பழைய லேபல், கண்காட்சியில் எடுத்த படம் எதையும் எறியாதீர்கள்.

பதிவு கிடைத்தால், விண்ணப்பத் திகதியிலிருந்து 10 வருடம் செல்லும். அப்புறம் பத்துப் பத்து வருடமாகப் புதுப்பிக்கலாம். வட்டத்துக்குள் ஆர் போடும் அடையாளத்தைப் பதிவு கிடைத்த பிறகே அச்சிடுங்கள். பதியாத குறியைப் பதிந்ததாகக் காட்டுவது குற்றம்.

இந்தப் பதிவு இலங்கைக்குள் மட்டுமே செல்லும். லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ அனுப்புகிறவர் அந்தந்த நாட்டிலும் பதிய வேண்டும். இங்கே முதன்முதலாக விண்ணப்பித்து 6 மாதத்துக்குள் அங்கே விண்ணப்பித்தால், இங்குள்ள திகதியையே முன்னுரிமையாகக் கேட்கலாம்.

வறுக்கும் பக்குவத்தை வியாபாரக் குறி காக்காது. வெளியே சொல்லாத தொழில் இரகசியத்துக்கு அதே சட்டம் வேறாகப் பாதுகாப்புத் தருகிறது, ஆனால் நீங்களும் அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும். வேலைக்கு வருபவரிடம் எழுத்தில் உறுதி வாங்குங்கள். முகநூல் வீடியோவில் அளவுகளைச் சொல்லாதீர்கள்.

போலியைக் கண்டால்

கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்காது. ஒரு பை வாங்கிப் பில் எடுங்கள். தொங்கும் இடத்தைக் கடையின் பெயர் தெரியப் படம் பிடியுங்கள். பிறகு சட்டத்தரணி மூலம் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் நீதிமன்றம் போகலாம். பில் தர மறுத்தால், வாங்கிய கடையையும் திகதியையும் ஒரு தாளில் எழுதிப் பையோடு சேர்த்து ஒட்டி, பையை உடைக்காமல் வையுங்கள்.