குழந்தைக்கு ஜீவனாம்சம்: தொகை எங்கே குறைகிறது?

பிரிந்த கணவரின் சம்பளத்தில் கால் பங்கு தானாக வந்துவிடும் என்று நம்பி மனுப் போடுவதுதான் முதல் தவறு. 2017-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் பிடித்தம் போன நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் மனைவிக்கு நியாயமானது என்றது உண்மைதான். ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தும் கணக்கு அல்ல. குழந்தையின் செலவு, இருவரின் வருமானம், இதுவரை வாழ்ந்த வசதி எல்லாம் பார்த்துத்தான் தொகை முடிவாகும். தாயும் சம்பாதித்தால் படிப்புச் செலவு இருவருக்கும் பிரியும்.

அதிகம் சொதப்புவது சொத்து, வருமான அபிடவிட்டில்தான் (சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலம்). ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் இதை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. சென்னை பாரிமுனை உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள குடும்ப நல நீதிமன்றத்திலும் இது இல்லாமல் இடைக்கால ஜீவனாம்சம் (வழக்கு முடியும்வரை தரும் தொகை) நகராது. "குழந்தைச் செலவு மாதம் 10,000" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பள்ளிக் கட்டணம் வருடத்துக்கு 36,000 என்றால் மாதம் 3,000. வேன், டியூஷன், டாக்டர், பால், வாடகையில் குழந்தையின் பங்கு என்று தனித்தனியாக எழுதி ரசீது வையுங்கள். ரசீது இல்லாத செலவைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பார்.

காசிமேட்டில் படகுக்குப் போகிறவருக்கோ துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவருக்கோ சம்பள ஸ்லிப் இருக்காது. அதற்காக "வருமானம் தெரியாது" என்று விட்டுவிடக் கூடாது. ஜிபே வரவு, வண்டி லோன் தவணை, கட்டும் வாடகை எல்லாம் வருமானத்தைக் காட்டும். கொடுக்க வேண்டியவர் பக்கமும் தவறு நடக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலக் கணக்கை மட்டும் காட்டுவார். வருட வரவை 12-ஆல் வகுத்துக் காட்டினால்தான் எடுபடும். "வேலையே இல்லை" என்பதும் செல்லாது. உடல் நலத்தோடு இருப்பவர் கூலி வேலை செய்தாவது குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்பதே சட்டம். தானாக வாங்கிய கடனின் தவணையை முழுதாகக் கழித்துக் காட்டுவதும் பெரும்பாலும் எடுபடாது.

"பிள்ளையைக் காட்டவில்லை, பணமும் தரமாட்டேன்" என்று நிறுத்துவது தனக்கே வைக்கும் வேட்டு. பார்க்கும் உரிமைக்குத் தனி மனு உண்டு. நிலுவைக்கு வாரண்ட் வரும், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள். வங்கி வழியே போட்டால்தான் பின்னால் நிரூபிக்க முடியும்.

வாங்குபவரும் சும்மா இருக்கக் கூடாது. பாக்கி விழுந்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுப் போடாவிட்டால், பழைய நிலுவைக்கு வாரண்ட் கேட்க முடியாது. தொகை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்துதான் கணக்காகும், பிரிந்த நாளிலிருந்து அல்ல. சமாதானம் பேசிக்கொண்டே மாதங்களைக் கடத்தினால் அத்தனையும் நஷ்டம்.

குடும்ப வன்முறைச் சட்டத்தில் ஏற்கெனவே தொகை வாங்கினால் மறைக்காதீர்கள். தெரிந்தால் மொத்த வாக்குமூலத்தின் மேலும் சந்தேகம் விழும். வக்கீல் வைக்கப் பணமில்லையா? பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, 15100-ல் கேட்கலாம்.