துருக்கி சைகடெலிக் ராக்: ஒரே ஒப்பாரியை மூன்று முறை கேளுங்கள்

யூடியூப்பில் ‘துருக்கி சைகடெலிக்’ என்று தேடினால் இரண்டு மணி நேரத் தொகுப்புகள் வரிசை கட்டி நிற்கும். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே நாற்பது பாட்டு கேட்டேன், ஒன்றுகூட மனதில் ஒட்டவில்லை. பிறகுதான் புரிந்தது, கேட்ட முறை தப்பு. ‘சைகடெலிக்’, அதாவது மனதை மயக்கும் ஒலி என்பது வெளியூர் இசைத்தட்டு வேட்டைக்காரர்கள் அதிகம் சொல்லும் பெயர். அறுபது, எழுபதுகளில் நாட்டுப்பாட்டும் ராக்கும் கலந்து வந்த இந்த இசையைத் துருக்கியில் அனடோலு பாப், அனடோலு ராக் என்பார்கள். அனடோலு என்றால் அனடோலியா, அதாவது கிராமங்களும் நாட்டுப்பாட்டும் உள்ள உள்நாடு. அந்த நாட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டு உள்ளே போவதே சுலபமான வழி.

படி 1: எழுத்தைச் சரிசெய்யுங்கள்

இது முக்கியம், சிரிக்காதீர்கள். துருக்கி மொழியை ரோமன் எழுத்தில் எழுதுவார்கள், அதில் ‘சி’ (C) என்ற எழுத்துக்கு ‘ஜ’ ஒலி. பாடகர் ஜெம் கராஜாவை ‘ஜே’ போட்டுத் தேடினால் ஆள் சிக்கமாட்டார், ‘சி’ போட வேண்டும். கீழே வால் தொங்கும் ‘சி’க்கு ‘ச்ச’ ஒலி. தலையில் பிறை வைத்த ‘ஜி’ (G) வாய்க்குள் கரைந்து, முன்னால் உள்ள உயிரெழுத்தை நீட்டிவிடும். பாடகி செல்தா பாஜான் பெயரை அப்படிச் சொன்னாலும் தேடும்போது பி, ஏ, ஜி, சி, ஏ, என். வாலும் பிறையும் இல்லாமல் அடித்தாலும் தேடுபொறி புரிந்துகொள்ளும்.

படி 2: ‘ஜெமாலிம்’ பாட்டை மூன்று முறை

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். மத்தியத் துருக்கியின் கப்படோசியாப் பகுதியில் உள்ள உர்குப் என்ற ஊரின் பாட்டு. கொல்லப்பட்ட கணவன் ஜெமாலுக்காக மனைவி வைக்கும் ஒப்பாரி இது. அந்த ஊர்ப் பாடகர் ரெஃபிக் பஷாரான் வழியாக நமக்கு வந்திருக்கிறது.

முதலில் பாலாமா என்ற நீண்ட கழுத்துத் தந்திக்கருவியோடு பாடிய பழைய நாட்டுப்புற வடிவம் ஒன்றைக் கேளுங்கள். அடுத்து ராக் பாடகர் எர்கின் கொராய், 1974இல் வந்த ‘எலெக்ட்ரானிக் துர்குலேர்’ தொகுப்பில். துர்கு என்றால் நாட்டுப்பாட்டு, ஆகத் தலைப்பிலேயே விஷயம் இருக்கிறது: மின்சார நாட்டுப்பாட்டுகள். மூன்றாவதாக, ஆம்ஸ்டர்டாம் குழுவான ஆல்தின் கூன் 2018இல் ‘ஆன்’ தொகுப்பில் பாடியது.

மூன்றிலும் மெட்டு ஒன்றுதான். முதலாவதில் துக்கம், மூன்றாவதில் கால் தானாக ஆடும். கொராய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். என்னைக் கேட்டால் அவருடையதுதான் உச்சம். அழுகையை விட்டுவிடவும் இல்லை, அதில் மூழ்கவும் இல்லை. பாலாமாவுக்கு மின்சாரம் கொடுத்த பெருமையும் அவருக்கே என்பார்கள். அவர் 2023இல் கனடாவில் காலமானார்.

படி 3: காதுக்கு இரண்டு பிடிமானம்

ஒன்று, சுரம். பாலாமாவின் கழுத்தில் கட்டியிருக்கும் நரம்புக் கட்டைகளை நகர்த்தலாம், அதனால் கிதாரில் கிடைக்காத இடைச்சுரங்கள் அதில் வரும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இன்னொன்று, தாளம். பல பாட்டுகளில் எண்ணிக்கை நான்கில் அடங்காது. ஒன்பதாக வந்தால் ‘தக தக தக தகிட’ என்று தொடையில் தட்டிப் பாருங்கள், சரியாக உட்காரும். இவ்வகைத் தாளத்துக்கு அங்கே ‘அக்சாக்’ என்று பெயர், நொண்டுவது என்று பொருள். நம் நொண்டிச்சிந்து ஞாபகம் வரலாம், ஆனால் அது பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

படி 4: ராக்குக்குள் நாட்டுப்பாட்டு ஏன் வந்தது?

ஹுரியத் நாளிதழ் 1965 முதல் 1968 வரை ‘ஆல்தின் மிக்ரோஃபோன்’, அதாவது தங்க ஒலிவாங்கி என்ற போட்டியை நடத்தியது. மேற்கத்தியக் கருவிகளை வைத்துத் துருக்கி மொழியில் பாட வேண்டும் என்பது நிபந்தனை. அதுவரை ஆங்கிலப் பாட்டை நகலெடுத்த பையன்கள் ஊர்ப்பாட்டைத் தேடிப் போனார்கள். ஜெம் கராஜா 1967இல் ‘எம்ரா’ பாடி இரண்டாம் இடம் பெற்றார். அதன் வரிகள் எர்சுரூம் ஊர் எம்ராவுடையவை, 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்.

படி 5: ஆளுக்கு ஒன்று

பாரிஷ் மான்ச்சோவின் ‘டாலார் டாலார்’ (1970). பணம் இல்லை, ‘மலைகளே மலைகளே’ என்று பொருள். ஜெம் கராஜாவின் ‘தாமிர்ஜி சிராஉ’ (1975), பணக்காரப் பெண்மேல் மையல் கொண்ட மெக்கானிக் கடைப் பையனின் கதை. மோவொல்லார் குழுவின் வாத்திய இசை எதுவானாலும் சரி.

செல்தாவுக்கு மட்டும் தனி இரவு கொடுங்கள். 1976இல் வந்த அவருடைய தொகுப்பில் ‘இன்ஜே இன்ஜே’ என்று ஒரு பாட்டு, ஏழைகள்மேல் மெல்லிய பனி விழுகிறது என்று தொடங்கும். எழுதியவர் ஆஷிக் மாசூனி ஷெரிஃப். இதையே எதிப் அக்பய்ராமும் பாடியிருக்கிறார், படி 2 போல இரண்டையும் ஒப்பிடலாம். அமெரிக்க ராப் பாடகர் மோஸ் டெஃப் 2009இல் செல்தாவின் பதிவை வெட்டி எடுத்துத் தன் பாட்டில் சேர்த்தார்.

படி 6: ஆல்பம் தேடி அலையாதீர்கள்

அந்தக் காலத்தில் பெரும்பாலும் வந்தவை பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட 45 சுழற்சி இசைத்தட்டுகள். பல ‘ஆல்பங்கள்’ அவற்றைக் கோத்தவைதான். எனவே ஆண்டு வாரியாகத் தேடுவதே நல்லது. 1980க்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்துங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 12 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அப்போது மேற்கு ஜெர்மனியில் இருந்த கராஜாவின் குடியுரிமை 1983இல் பறிபோனது, 1987இல்தான் ஊர் திரும்பினார். செல்தா சிறைக்குப் போனார், கடவுச்சீட்டையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: அசல் தட்டுகள் யானை விலை, மறுவெளியீடே போதும். சிலவற்றை மூல நாடா இல்லாமல் பழைய தட்டிலிருந்தே எடுத்திருப்பார்கள். கரகரவென்று கேட்டால் உங்கள் ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்க்க வேண்டாம்.