ஆவிக்குரிய உச்சத்துக்குப் பிறகு வந்த சோர்வு

உபவாச ஜெபக் கூட்டங்களில் அனல் பறக்க ஜெபித்த நான், அடுத்த வாரமே படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தேன். பாட்டுச் சத்தம் கேட்டாலே எரிச்சல். விசுவாசமே போய்விட்டதோ என்று பயம்.

அப்போதுதான் வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. கர்மேல் மலையில் தன் ஜெபத்துக்குப் பதிலாக வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும், சாகவேண்டும் என்கிறார். தேவதூதன் கண்டிக்கவில்லை. தட்டியெழுப்பி அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், அதுவும் இரண்டு முறை. நடுவில் நல்ல தூக்கம்!

சரி என்று ஊழியப் பொறுப்புகளை இறக்கி வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். நாமாக நிறுத்தக் கூடாது. இரவில் 88ஆம் சங்கீதம் மட்டும் வாசிப்பேன். இருளிலேயே முடிகிற ஜெபம் அது, எனக்கு அதுவே பொருந்தியது. முதலில் தூக்கம் திரும்பியது, அப்புறம் பசி, அதற்கும் பிறகுதான் ஜெபிக்கும் ஆசை.