கார்டிசாலை வீணாகக் கிளப்பாத சாப்பாட்டு முறை: இரண்டு வாரத்தில் படிப்படியாக

மன அழுத்தத்தின்போது கூடும் ஹார்மோனான கார்டிசாலைக் குறைக்கும் உணவு எது என்று தேடினால் பாதாம், டார்க் சாக்லேட், வாழைப்பழம் என்று ஒரு பட்டியல் வரும். எதைச் சாப்பிட்டாலும் அந்த ஹார்மோன் மாத்திரை போட்டதுபோல இறங்கிவிடாது. ஆனால் பட்டினி கிடப்பதாலும், நேரம் கெட்ட நேரத்தில் காபி குடிப்பதாலும், இனிப்பை மட்டும் தின்று பசியாறுவதாலும் அது வீணாக ஏறுவது உண்டு. நம் கையில் இருப்பது அந்த ஏற்றங்களைத் தவிர்ப்பது மட்டுமே.

முதலில் அடிப்படை. சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகள்தான் கார்டிசாலைச் சுரக்கின்றன. மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதி அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியை முடுக்கும், பிட்யூட்டரி அட்ரினலை முடுக்கும். கார்டிசால் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, கண் விழித்த 30–45 நிமிடத்தில் உச்சம் தொட்டு, பகல் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்துக்கு வரும். காலை உச்சம் இயல்பானது, அதைக் குறைக்க முயலவே வேண்டாம். கல்லீரலைப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்க வைத்து, ரத்தச் சர்க்கரை விழாமல் காப்பது கார்டிசாலின் முக்கிய வேலைகளில் ஒன்று. சாப்பாட்டுக்கும் இதற்கும் முடிச்சு விழுவது இந்த இடத்தில்தான்.

படி 1: மூன்று நாள் குறிப்பு

எதையும் மாற்றாமல் மூன்று நாள் எழுதுங்கள். எழுந்த நேரம், ஒவ்வொரு காபி டீயின் நேரமும் அளவும், மூன்று வேளைச் சாப்பாட்டு நேரம், படுத்த நேரம். கலோரி கணக்கு வேண்டாம். வீட்டு டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கும் என்று ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். "ஒரு டம்ளர்" என்பது ஒரு வீட்டில் 120 மில்லி, இன்னொரு வீட்டில் 220 மில்லி.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) உணவு வழிகாட்டி தரும் கணக்கு இது: 150 மில்லி வடிகட்டிய காபியில் 80–120 மில்லிகிராம் காஃபின், அதே அளவு இன்ஸ்டன்ட் காபியில் 50–65, டீயில் 30–65. நாளைக்கு 300-ஐத் தாண்டக் கூடாது என்பது அதே வழிகாட்டியின் வரம்பு. கர்ப்பிணிகளுக்கு 200-க்குள் இருப்பது நல்லது.

படி 2: காலைச் சாப்பாடு

எழுந்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிடுங்கள். காலை உணவை வழக்கமாகத் தவிர்க்கும் பெண்களுக்குப் பகலில் கார்டிசால் கூடுதலாக இருந்ததை ஓர் அமெரிக்க ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

அளவு: புரதம் 15 கிராமாவது இருக்கட்டும். மூன்று இட்லியில் சுமார் 6 கிராம், பருப்பு கரைந்த சாம்பார் ஒரு கிண்ணத்தில் 4, ஒரு முட்டையில் 6. முட்டை சேர்க்காதவர்கள் 30 கிராம் பொட்டுக்கடலையைச் சட்னியாக அரைத்தால் அதே 6 கிராம் கிடைத்துவிடும்.

தவறுவது எங்கே? நாலு இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும், சாம்பார் என்ற பெயரில் புளித்தண்ணீர், இல்லாவிட்டால் பிரெட்டும் ஜாமும். மாவுச்சத்து மட்டும் உள்ளே போனால் சர்க்கரை வேகமாக ஏறி வேகமாக இறங்கும். ஆரோக்கியமான உடலில் அது 70 மி.கி./டெசிலிட்டருக்குக் கீழே போவது அரிதுதான், ஆனால் பதினோரு மணிக்கே பசி வந்து பிஸ்கட் டப்பாவைத் தேட வைக்கும். உண்மையிலேயே சர்க்கரை தாழ்ந்தால் அதை ஏற்றும் ஹார்மோன்களான குளூகாகனும் அட்ரினலினும் முதலில் வரும், இன்னும் இறங்கினால் கார்டிசால். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் சாப்பாட்டு நேரத்தை மாற்றுமுன் மருத்துவரிடம் பேச வேண்டியது இதனால்தான்.

படி 3: காபி

இரண்டு வார ஏற்பாட்டில் அதிகப் பலன் தரக்கூடியது இது, அதிகம் சொதப்பக்கூடியதும் இதுதான்.

எழுந்து 90 நிமிடம் கழித்துத்தான் காபி குடிக்க வேண்டும் என்ற அறிவுரை யூடியூபில் பிரபலம். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தினமும் குடித்துப் பழகியவர்களுக்குக் காலைக் காபி கார்டிசாலை அதிகம் ஏற்றுவதில்லை, உடல் பழகிவிடுகிறது. 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், நாளைக்கு 300 மில்லிகிராம் எடுத்துப் பழகியவர்களுக்கும் மதியத்துக்கு மேல் தந்த காஃபின் கார்டிசாலை ஏற்றவே செய்தது. ஆகவே குறைக்க வேண்டியது விடிகாலைக் காபியை அல்ல, நாலு மணிக் காபியைத்தான்.

பல் தேய்த்ததும் வெறும் வயிற்றில் குடிக்கும் ஸ்ட்ராங் காபிக்கு வேறொரு குறை உண்டு. அதற்குப் பிறகு சாப்பிடும்போது ரத்தச் சர்க்கரை வழக்கத்தைவிட அதிகம் ஏறுகிறது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் 300 மில்லிகிராம் காஃபின் கொடுத்துப் பார்த்தபோது, சர்க்கரையின் ஏற்றம் சுமார் 50 சதவீதம் கூடியது. அது பெரிய அளவு என்றாலும், எட்டு மணிக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குக் காபி என்ற வரிசையே நல்லது. அந்த ஒரு மணி இடைவெளி இரும்புச் சத்துக்கும் தேவை, காபி டீயில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விடிகாலைக் காபி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள் அரை டம்ளரோடு நிறுத்துங்கள்.

குறைக்கும் முறை: ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய 12–24 மணி நேரத்தில் தலைவலி பிடித்து, சிலருக்கு ஒன்பது நாள் வரை நீளும். மூன்று நாளுக்கு ஒருமுறை மாலைக் காபியில் கால் டம்ளர் குறையுங்கள். இன்னொரு வழி சிக்கரி. சிக்கரியில் காஃபின் கிடையாது. காபித்தூள் அரைத்துத் தரும் கடையில் காபியும் சிக்கரியும் முதல் வாரம் 80:20, அடுத்த வாரம் 60:40 என்று கேட்டு வாங்கலாம். பாக்கெட்டில் வாங்குபவர்கள் பின்பக்கம் பாருங்கள், கலப்புத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. சிக்கரி கூடும்போது டிகாஷன் கறுப்பாகவே இறங்கும், அதைப் பார்த்து ஸ்ட்ராங் என்று ஏமாற வேண்டாம். நிறம் போதவில்லை என்று தூளைக் கூட்டினால் குறைத்த காஃபின் அப்படியே திரும்பிவிடும்.

கடைசிக் காபி மதியம் இரண்டு மணிக்குள் முடியட்டும். குடித்த காஃபினில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம் ஆகும், கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு. தூக்கம் குறைந்தால் மறுநாள் மாலை கார்டிசால் இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காது.

படி 4: மதியம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்டிசால் கொஞ்சம் ஏறுவது இயல்பு, புரதம் அதிகமுள்ள சாப்பாட்டில் இன்னும் தெளிவாகத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. சோறு வழக்கமான அளவே, கூட்டும் பொரியலுமாகக் காய் அதற்குச் சமமாக, தயிர் ஒரு கிண்ணம். மீன் சாப்பிடுபவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தி அல்லது அயிலை 100 கிராம், குழம்பாக வையுங்கள். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை நாலு மாதம் தினமும் 2.5 கிராம் எடுத்தவர்களுக்கு மன அழுத்தச் சோதனையின்போது கார்டிசால் 19 சதவீதம் குறைவாக இருந்ததாக ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு சொல்கிறது. மீன் குழம்பில் தினம் அவ்வளவு வராது, திசை மட்டும் சரி.

எடை குறைப்பவர்கள் கவனியுங்கள். நாளைக்கு 1200 கலோரிக்குள் மூன்று வாரம் இருந்த பெண்களுக்குக் கார்டிசால் மொத்தமாகவே கூடியது. டயட் இருக்கும்போது எரிச்சல் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 300–400 கலோரி மட்டும் குறைத்து மெதுவாகப் போங்கள்.

படி 5: நாலு மணி

காபியை எடுத்த இடத்தில் ஒன்றை வைக்காவிட்டால் மூன்றாம் நாளே ஏற்பாடு சரிந்துவிடும். அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் (புரதம் சுமார் 7 கிராம்), அல்லது ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் கொய்யாவும். டீ வேண்டுமென்றால் சின்ன கிளாஸில் லைட்டாக. இனிப்பு தின்றால் டென்ஷன் குறைவதுபோல இருப்பது கற்பனையல்ல, இரண்டு வாரம் சர்க்கரைப் பானம் குடித்தவர்களுக்கு அழுத்தத்தின்போது கார்டிசால் குறைவாகவே ஏறியது. அதனால்தான் அது பழக்கமாகிறது, இடுப்புச் சுற்றளவும் கூடவே வளர்கிறது.

படி 6: இரவு

படுக்க இரண்டு மூன்று மணி முன்னால் முடியுங்கள். மது தூக்கத்தைக் கெடுக்கும், கார்டிசாலையும் ஏற்றும். தண்ணீர் நாள் முழுக்கப் பரவலாக.

தொடக் கூடாதவை

அதிமதுரம். தொண்டைக்கு இரண்டு நாள் கஷாயம் குடிப்பதில் பெரும்பாலோருக்குத் தொல்லையில்லை. தினமும் குடிப்பதுதான் ஆபத்து. சிறுநீரகத்தில் கார்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று உண்டு, அதிமதுரத்தின் கிளிசிரைசின் அதைத் தடுத்துவிடும். கார்டிசால் அளவு கூடாமலே அதன் வேலை கூடி, உப்பு தங்கி, பொட்டாசியம் குறைந்து, ரத்த அழுத்தம் ஏறும். ஐரோப்பாவில் நாளைக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசின் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், ஒரு டீஸ்பூன் பொடியிலேயே அது தாண்டிவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அறவே விடுங்கள்.

ஆரஞ்சுச் சாறும் இளநீரும் உப்பும் கலந்த "கார்டிசால் காக்டெயில்" ரீல்ஸில் சுற்றுகிறது. அது கார்டிசாலைக் குறைப்பதற்கு ஆதாரமில்லை, சிறுநீரக நோயாளிகளுக்கு அதிலுள்ள பொட்டாசியம் ஆபத்து. அமுக்கரா (அஸ்வகந்தா) மாத்திரைகள் சில சோதனைகளில் கார்டிசாலைக் குறைத்தது உண்மை, கல்லீரல் பாதிப்பு பதிவானதும் உண்மை. தைராய்டு மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் தொடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை

காலை எட்டு மணிக்கு ஒரே ஒருமுறை ரத்தம் கொடுத்து உணவின் பலனை அளக்க முடியாது. ஊசி பயமே அளவை ஏற்றிவிடும், கருத்தடை மாத்திரையும் மொத்தக் கார்டிசாலைக் கூட்டிக் காட்டும். இரண்டு வாரத்துக்குப் பின் தூக்கம் வரும் நேரம், பதினோரு மணிப் பசி, மாலை எரிச்சல் மூன்றையும் முதல் குறிப்போடு ஒப்பிடுங்கள். முகம் உருண்டையாகி, வயிற்றில் அகலமான ஊதாக் கோடுகள் விழுந்து, லேசாக இடித்தாலே கன்றிப்போனால் அது சாப்பாட்டு விஷயமல்ல, நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள். அவர் இரவு பதினோரு மணி உமிழ்நீர் மாதிரி கேட்கலாம். எடுப்பதற்கு அரை மணி முன்னால் சாப்பிடவோ பல் தேய்க்கவோ கூடாது, ஈறில் ரத்தம் கசிந்தால் எண் தப்பாகும். ரத்தம் கொடுப்பவர்கள் முடி வளர எடுக்கும் பயோட்டின் மாத்திரையை இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தி, நிறுத்தியதை ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள்.