கணவர் இறந்தபின் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பணத்தை விடாமல் வாங்குவது எப்படி? சேலம் மாவட்டக் குடும்பங்களுக்கு

காரியம் முடிந்த கையோடு கம்பெனியிலிருந்து ஆள் வருவார். ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "பி.எஃப். பணம் அக்கவுண்டுக்கு வந்துடும்மா" என்பார். பெரும்பாலும் பொய் சொல்லமாட்டார், பாதியைத்தான் சொல்வார். பணியில் இருக்கும்போது இறந்தவரின் பி.எஃப். கணக்கிலிருந்து மூன்று வகைப் பணம் வரவேண்டும்: சேமிப்புத் தொகை, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மாதப் பென்ஷன், ஈ.டி.எல்.ஐ. என்ற காப்பீடு. சேமிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் கேட்காமல் விட்ட குடும்பங்கள் சேகோ ஆலை, நூற்பாலை, எஸ்டேட் பக்கங்களில் நிறையவே உண்டு.

முதலில் இறப்புச் சான்று

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். ஏற்காட்டிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்து அங்கே உயிர் பிரிந்தால், பதிவு சேலத்தில். மலைக்கிராமத்தில் வீட்டிலேயே இறந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிப் பதியவேண்டும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டிவிட்டால் மாஜிஸ்திரேட் அதிகாரமுள்ள அலுவலரின் உத்தரவு வேண்டும், அது மாதக்கணக்கில் இழுக்கும்.

சான்றைக் கையில் வாங்கும்போதே இரண்டைப் பாருங்கள். கணவர் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? மனைவி பெயர் சரியாக இருக்கிறதா? ஆதாரில் "முருகேசன் கே", சான்றில் "கே. முருகேஷ்" என்றிருந்தால் பி.எஃப். அலுவலகத்தில் கோப்பு திரும்பிவரும். பெயரைத் திருத்துவது பதிந்த வாரத்திலேயே எளிது. பிரதிகளை ஆறேழாக எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பி.எஃப்.: ஒரே படிவம், மூன்று டிக்

இறப்புக்கென்று தனியாக ஒரு கூட்டுப் படிவம் இருக்கிறது. பழைய 20 (சேமிப்பு), 10டி (பென்ஷன்), 5ஐ.எஃப். (காப்பீடு) மூன்றும் அதற்குள் அடங்கும். மூன்றையும் குறித்திருக்கிறீர்களா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். கணவர் உயிரோடிருந்தபோது இணையத்தில் நாமினி பதிந்திருந்தால், நாமினியே ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். கம்பெனி மூடிவிட்டதா, முதலாளி கையெழுத்துப் போட மறுக்கிறாரா? வங்கி மேலாளர், கெஜட்டட் அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பத்தோடு சேலம் மண்டல பி.எஃப். அலுவலகத்தில் நேராகக் கொடுக்கலாம். கணவரின் ஆதார் யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணோடு இணையவில்லை என்றாலும் இறப்புக் கோரிக்கையைக் காகிதமாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. "ஆதார் லிங்க் ஆகல, ஒண்ணும் பண்ண முடியாது" என்ற பதிலைக் கேட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள்.

பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும் என்று பலரும் நினைப்பது, உயிரோடு ஓய்வு பெறுபவருக்கான விதி. பணியில் இருக்கும்போது இறந்தால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு. குறைந்தது மாதம் 1,000 ரூபாய். இரண்டு பிள்ளைகள் வரை ஒவ்வொருவருக்கும் மனைவியின் பென்ஷனில் 25 சதவீதம், குறைந்தது 250 ரூபாய், 25 வயது வரை. மூன்றாவது பிள்ளை இருந்தால், மூத்தவர் 25 தாண்டியதும் அவருடைய பங்கு இளையவருக்கு மாறும். மனைவி மறுமணம் செய்தால் அவருக்குப் பென்ஷன் நிற்கும். பிள்ளைகளுக்கு அப்போது அநாதைப் பென்ஷன் கணக்கில் கூடுதலாகக் கிடைக்கும். கணவர் முன்பு ஒரு வேலையை விட்டபோது 10சி படிவம் போட்டுப் பென்ஷன் பங்கை எடுத்திருந்தால், அந்தச் சேவை மட்டும் கணக்கில் வராது.

ஈ.டி.எல்.ஐ. தொகைதான் பெரியது. கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை (15,000 ரூபாய் வரை) 35 ஆல் பெருக்கி, பி.எஃப். இருப்பின் சராசரியில் பாதியைக் கூட்டுவார்கள். அந்தப் பாதிக்கு உச்சவரம்பு 1,75,000. சம்பளம் 12,000, சராசரி இருப்பு 80,000 என்றால் 4,20,000 + 40,000 = 4,60,000 ரூபாய். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்குக் குறைந்தது 2,50,000, அதிகபட்சம் 7,00,000. இதற்கான சந்தாவை முதலாளி மட்டுமே கட்டுவதால் சம்பளச் சீட்டில் எந்தப் பிடித்தமும் தெரியாது. அதனாலேயே தொழிலாளிக்கும் இது தெரிவதில்லை.

சிக்கல் பெரும்பாலும் நாமினியில்தான். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் பலர். பி.எஃப். விதிப்படி, திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு செல்லாததாகிவிடும். மாமியார் பெயர் இருக்கிறதே என்று மருமகள் ஒதுங்க வேண்டியதில்லை. மாமியாருடன் சண்டைக்கும் போக வேண்டியதில்லை, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றை வைத்துக் கோருங்கள். வங்கிக் கணக்குக்கும் எல்.ஐ.சி.க்கும் இந்த விதி பொருந்தாது, அங்கே நாமினியாக எழுதிய பெயரே நிற்கும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு): விபத்து என்றால்

சம்பளம் 21,000 வரை உள்ளவர் ஆலையிலோ, வேலைக்குப் போகும் வரும் வழியிலோ விபத்தில் இறந்தால், அவரை நம்பியிருந்த குடும்பத்துக்குச் சார்ந்தோர் பயன் என்ற தொகை மாதந்தோறும் வரும். மொத்தம் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம். அதில் மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு. தினக்கூலி 600 என்றால் 90 சதவீதம் 540. ஒரு பிள்ளை இருந்தால் நாளொன்றுக்கு மனைவிக்கு 324, பிள்ளைக்கு 216. இரண்டு பிள்ளைகள் என்றால் பங்குகளின் கூட்டு 540 ஐத் தாண்டுவதால் விகிதப்படி குறையும்: மனைவிக்குச் சுமார் 231, பிள்ளைகளுக்குத் தலா 154. இதை வாங்குவதால் பி.எஃப். பென்ஷன் குறையாது.

இங்கே கவனிக்க வேண்டியது விபத்து அறிக்கை. முதலாளி இ.எஸ்.ஐ.க்கு விபத்தைத் தெரிவித்தாரா என்று முதல் வாரத்திலேயே கேளுங்கள். எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை இரண்டின் நகலையும் வாங்கிவிடுங்கள். "போலீசுக்கெல்லாம் எதுக்கு, நாங்க பார்த்துக்கறோம்" என்று ரொக்கமாக ஒரு தொகையை நீட்டினால், மாதந்தோறும் வரவேண்டியதை அந்தத் தொகைக்கு விற்கிறீர்கள் என்று பொருள். வீட்டில் மாரடைப்பால் இறந்தவருக்குச் சார்ந்தோர் பயன் கிடையாது. ஈமச்சடங்குச் செலவாக 15,000 ரூபாய் மட்டும் உண்டு.

சம்பளச் சீட்டில் வராதவை

வங்கிப் பாஸ்புக்கை எடுத்து மே, ஜூன் மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு: எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா காப்பீடு: விபத்தில் இறந்தால் 2 லட்சம். வங்கி தானாகச் சொல்லாது, நீங்கள் கேட்க வேண்டும்.

கொலுசுப் பட்டறை, தறி, கட்டட வேலைக்காரர்களுக்குப் பி.எஃப். இருப்பது அரிது. அவர்களுக்கு நலவாரிய அட்டைதான். அட்டை புதுப்பிக்கப்பட்டு இறப்பு நாளில் செல்லுபடியாக இருந்ததா என்பதே முதல் கேள்வியாக வரும்.

மாநில அரசின் ஆதரவற்ற விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

பணம் வரத் தொடங்கிய பின்

எல்லாம் மனைவியின் தனிக்கணக்குக்கே வரட்டும். கணவரின் ஏ.டி.எம். கார்டில் பணம் எடுக்காதீர்கள், பின்னால் வாரிசுகளுக்குள் வழக்காகும். பென்ஷன் தொடர ஆண்டுக்கொரு முறை ஜீவன் பிரமாண் உயிர்ச்சான்று தரவேண்டும். முதல் ஆண்டு மறப்பவர்களுக்குத்தான் பென்ஷன் திடீரென நிற்கும்.

பி.எஃப். கோரிக்கை 20 நாளில் தீரவேண்டும். தீராவிட்டால் இணையத்தில் புகார் பதியுங்கள். ஒவ்வொரு மாதமும் 27 ஆம் தேதி மாவட்டத்தில் நடக்கும் "நிதி ஆப்கே நிகட்" குறைதீர் முகாமுக்கும் போகலாம். போகும்போது கோரிக்கை எண்ணும், ஒப்புகைச் சீட்டும், நிராகரித்திருந்தால் அந்தக் காரணம் அச்சான தாளும் கையில் இருக்கட்டும்.